சிறுகதையில் தியாகத்தை எந்தப் பொருள் சுமக்கும்? (மலைக் கதைகளை முன்வைத்து ஒரு விவாத இழை)

குன்னூர்_வாசகன்

எல்லாருக்கும் வணக்கம். வர்ற மாசக் கூட்டத்தில் வாசிக்கிறதுக்காகப் பதினொரு கதை வந்திருக்கு. அதில் ஏழு தியாகக் கதை, ஏழிலும் நடுவில் ஒரு பொருள். மூணு கதையில் தாலி. மத்ததில் கம்பளி, விதை உருளைக்கிழங்கு, ட்ரங்குப் பெட்டி, ஸ்வெட்டர். எல்லாம் நீலகிரியிலோ கொடைக்கானல் மேல்மலையிலோ நடக்கிற கதைகள்.

படிச்சு ரெண்டு நாள் கழிச்சும் ஸ்வெட்டர் கதை மட்டும்தான் நினைவில் நிக்குது. தாலிக் கதை மூணும் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. இத்தனைக்கும் தாலிதான் பெரிய இழப்பு. ஒரு பொருள் எப்போ தியாகத்தைச் சுமக்குது, எப்போ சும்மா கதையில் கிடக்குது? எழுதினவங்களுக்குக் குறிப்பு அனுப்பணும். "இன்னும் மெருகேற்றவும்"னு எழுதினா அவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கே பிசகுதுன்னு துல்லியமாச் சொல்லுங்க.

பழைய_பேரேடு

முதலில் கணக்கு. தியாகக் கதையில் வாசகனுக்குக் கூட்டிக் கழிக்க எண்கள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இழப்பின் அளவு அவனுக்குத் தெரியாது, அழு என்று ஆசிரியர் சொன்னதால் அழுவான்.

ஓ ஹென்றி 1905-ல் எழுதிய கூந்தல், கடிகாரக் கதையைப் பலரும் பாடத்தில் படித்திருப்போம்; மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிற கதை. அதில் வரும் எண்களைப் பாருங்கள். அவள் கையில் 1 டாலர் 87 சென்ட். கூந்தலை விற்றது 20 டாலருக்கு. சங்கிலி வாங்கியது 21 டாலருக்கு. வீடு திரும்பும்போது மிச்சம் 87 சென்ட். கணவனின் வாரச் சம்பளம் 20 டாலர், வீட்டு வாடகை வாரத்துக்கு 8 டாலர். ஆக, அந்தச் சங்கிலியின் விலை அவனுடைய ஒரு வார உழைப்பைவிட அதிகம். இதை ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை, நாம்தான் கூட்டிப் பார்க்கிறோம். கூட்டிப் பார்த்த கணத்தில் அந்த இழப்பு நம்முடையதாகிவிடுகிறது.

இன்னொரு நுட்பம் அந்தப் பழைய தோல் வார். கடிகாரத்துக்குச் சங்கிலி கிடையாது, தோல் வார்தான். அதனால் நாலு பேர் முன்னால் எடுக்கக் கூச்சப்பட்டு அவன் மறைவாக மணி பார்ப்பான். அவள் சங்கிலி வாங்கும் இடத்திலேயே இது நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஆகவே சங்கிலி அவன் கைக்கு வரும்போது, அது எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று தெரிந்தே இருக்கிறோம். தியாகம் என்ற பேச்சைக் கடைசிப் பத்தியில்தான் ஆசிரியர் எடுக்கிறார். அந்தப் பத்தி இல்லாமலும் கதை நிற்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் தாலிக் கதைகளில் எத்தனை பவுன், என்ன கடன், எதற்காக என்று இருக்கிறதா?

குன்னூர்_வாசகன்

இல்லை ஐயா. மூணிலும் "கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்" மாதிரி ஒரு வரிதான். மறுநாள் மஞ்சள் கயிறு. அவ்வளவுதான்.

கவாத்துக்கத்தி

தாலியைக் கழற்றுற காட்சிக்கு நம்ம வாசகன் பழகிட்டான். அந்த வரி வந்ததும் கண் தாவி அடுத்த பத்திக்குப் போயிடும். தாலியை விட்டுட்டு அடகுச் சீட்டை எடுத்துக்கிட்டா கதை உயிர் பெறும். சீட்டில் எடை இருக்கும், கொடுத்த தொகை இருக்கும், வட்டி இருக்கும், தவணைத் தேதி இருக்கும். நகையோட முழு மதிப்பும் எந்தக் கடையிலும் கைக்கு வராது. எடை போடும்போது அழுக்கு, அரக்குன்னு கழிச்சுத்தான் நிகர எடை எழுதுவாங்க. எட்டு கிராம் ஒரு பவுன்னு நினைச்சுக்கிட்டுப் போனவளுக்கு ஏழு சொச்சம்னு சொன்னா, அந்தச் சொச்சத்தில் ஒரு கதை இருக்கு.

சீட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாகணும். அரிசி டிரம்முக்குள்ளயா, காலண்டருக்குப் பின்னாலயா, சாமி படத்துக்குப் பின்னாலயா? தவணை வந்ததும் நகையை மீட்க முடியாம, வட்டியை மட்டும் கட்டி மாத்தி எழுதுவாங்க. வருஷா வருஷம் புதுச் சீட்டு வரும், நகை வராது. ஒரே நாளில் கழற்றிக் கொடுத்து முடியுற காரியமா எழுதினா இந்த நீளம் போயிடுது.

மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கிறதை எழுதுறவங்க நம்ம மலையோட ஈரத்தையும் எழுதணும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விடாத மழை. அந்த ஈரத்தில் மஞ்சள் துண்டு பூசணம் பிடிக்கும், கயிறு கறுக்கும், சீக்கிரமே மாத்த வேண்டிவரும். கீழ்நாட்டுக் கதையில் வராத விவரம் இது.

கூடலூர்_மழை

மழைன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், மலைக் கதைகளில் அடிக்கடி வர்ற பிழை இது. நீலகிரி முழுக்க ஒரே மழை இல்லை. கூடலூர், பந்தலூர், தேவாலாவுக்கு ஆனி, ஆடித் தென்மேற்கு மழைதான் பெருமழை. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழை. கம்பளிக் கதை எங்கே, எந்த மாசம் நடக்குது?

குன்னூர்_வாசகன்

கோத்தகிரி, ஆடி மாசம். அப்பா தன் கம்பளியை மகளுக்குப் பாதியா வெட்டிக் கொடுக்கிறார். அட்டைக்கடியும் வருது.

கூடலூர்_மழை

அப்போ ஊரை மாத்தணும், இல்லை மாசத்தை மாத்தணும். ஆடி அடைமழையும் அட்டையும் வேணும்னா தேவாலாவுக்குக் கொண்டுபோங்க, ரெண்டும் பொருந்தும். அட்டைக்குக் காலில் சோப்பு, உப்பு, புகையிலைத் தண்ணி தடவுவாங்க. மழையில் கொஞ்ச நேரத்திலேயே கழுவிட்டுப் போயிடும், திரும்பத் தடவணும்.

கம்பளியை வெட்டுறதிலயும் பிசகு இருக்கு. மழைக்குக் கம்பளியைக் கொங்காணியாப் போடணும்னா நீளம் வேணும். ஒரு மூலையை உள்ளே தள்ளிக் கூம்பு மாதிரி ஆக்கித் தலையில் மாட்டினா, மிச்சம் முதுகில் இறங்கி முழங்கால்கிட்ட வரணும். பாதியா வெட்டினா பெரியவருக்கு இடுப்போட நின்னுடும். தண்ணி நேரா காலில் இறங்கும், அப்பாவுக்குப் பாதிக் கம்பளியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெட்டின விளிம்பில் நூல் பிரியும், மடிச்சுத் தைக்கலேன்னா ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால வெட்டிக் கொடுக்கிற காட்சி கண்ணுக்கு அழகா இருக்கே தவிர, கம்பளி தெரிஞ்ச யாரும் அப்படிச் செய்யமாட்டாங்க. முழுசாக் கொடுத்துட்டு, தான் உரச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டுப் போவார். சாக்கு தண்ணியை ஓரளவு தடுக்கும், குளிரைத் தடுக்காது. கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு வச்சிருக்கும். ரெண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அப்பா அறிஞ்சவர். அதை எழுதினா போதும், பாசத்தைத் தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

நனைஞ்ச கம்பளி பல மடங்கு கனக்கும், அடைமழையில் நாள் கணக்கா உலராது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவாங்க. அந்தப் புகைவாசம் கம்பளியை விட்டுப் போகவே போகாது. மக பள்ளிக்கூடத்தில் அந்த வாசத்தோட உட்கார்ந்திருப்பா. கதை அங்கேதான் இருக்கு, எழுதினவர் தாண்டிப் போயிட்டார்.

மேல்மலை

கவாத்துக்கத்தி அண்ணன் சொன்ன நீளத்துக்கு விதைக்கிழங்கு இன்னும் பொருத்தம். சாப்பிடக்கூடிய ஒண்ணைச் சாப்பிடாம வச்சிருக்கிறது தியாகம்தானே. விதைக்கிழங்குக் கதையோட சுருக்கம் போடுங்க தம்பி.

குன்னூர்_வாசகன்

பஞ்சகாலம். பாட்டி விதைக்கு வச்சிருந்த கிழங்கை, முளை விட்டதை, பேரன் பசிக்கு அவிச்சுக் கொடுத்துடுறா. "விதை போனாலும் உயிர் மிஞ்சியது"ன்னு கதை முடியுது.

மேல்மலை

பாட்டிக்கு விவசாயம் தெரியும்னா இந்த முடிவு நிக்காது. அறுவடை செஞ்ச புதுக்கிழங்கு உடனே முளைக்காது, ரெண்டு, ரெண்டரை மாசம் உறக்கத்தில் இருக்கும். விதைக்கு எடுத்ததை வெளிச்சம் படுற மாதிரி பரப்பி வைப்பாங்க. தோல் பச்சை பிடிக்கும், குட்டையா, தடியா முளை வரும். நடவுக்கு அதுதான் நல்லது, தின்ன ஆகாது. பச்சை பிடிச்ச கிழங்கு கசக்கும், வயித்தைப் பிரட்டும், குழந்தைக்கு வாந்தி கண்டிடும். சோலனின்னு ஒரு நச்சு, அவிச்சாலும் போகாது. முளைவிட்ட பச்சைக் கிழங்கைப் பேரனுக்குக் கொடுத்தா பாட்டி அவனை நோயில் தள்ளுறா.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அறுவடை முடிஞ்ச கையோட, கிழங்கு இன்னும் தின்ன ஏற்றதா இருக்கும்போதே விதைக்குன்னு பிரிக்கிற காட்சி. அங்கேதான் நிஜமான முடிவு எடுக்கணும். எது வாய்க்கு, எது மண்ணுக்கு? விதைக்கு 40, 50 கிராம் அளவில் நோயில்லாத, நல்ல கண்ணுள்ள கிழங்கைப் பொறுக்குவாங்க. தேறாத பொடிசும் வெட்டுப்பட்டதும்தான் குழம்புக்கு. வீட்டில் பசி இருக்கும்போது நல்லதை ஒதுக்கிவச்சுட்டுப் பொடிசை அவிக்கிறா பாருங்க, அந்தக் கை போதும்.

இன்னொண்ணு, பெரிய கிழங்கை வெட்டி நடுறது. ஒவ்வொரு துண்டிலும் ரெண்டு கண்ணாவது வேணும். வெட்டின உடனே ஈரமண்ணில் வச்சா அழுகிடும், ஓரிரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காயணும். கண் இருக்கிற பக்கத்தை விதைக்கு எடுத்துக்கிட்டு, கண்ணில்லாத நடுச் சதையைப் பேரனுக்கு அவிச்சுக் கொடுக்கலாம். ரொம்பச் செதுக்கினா துண்டில் சத்து இல்லாம முளை சோர்ந்துடும், விளைச்சல் குறையும். எவ்வளவு செதுக்கலாம்னு கத்தியோட பாட்டி யோசிக்கிற அந்த இடம் முழுக் கதையையும் தாங்கும்.

அளவும் தெரிஞ்சிருக்கணும். மலையில் ஹெக்டேருக்கு 3,000 முதல் 3,500 கிலோ விதை போகும். ஏக்கருக்குன்னா டன்னுக்கு மேலே. கால் ஏக்கர்காரிக்கே முந்நூறு கிலோ சொச்சம் வேணும், அஞ்சு கிழங்கை அவிச்சதால் அவ விவசாயம் நின்னுடாது. "விதை போனது"ன்னு எழுதணும்னா மூட்டைக் கணக்கில் போகணும். நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம்னு மூணு போகம் உண்டு. எந்தப் போகத்து விதைன்னு ஒரு சொல் வந்தா வாசகன் நம்புவான்.

எங்க பக்கம் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சியில் இதே வேலையை மலைப்பூண்டு செய்யும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்ச பூண்டு அது. தாளோட கட்டித் தொங்கவிடுவாங்க. நல்ல பெரிய பல்லுதான் விதைக்கும் வேணும், அதுக்குத்தான் சந்தையிலும் விலை. கடன்காரன் வாசலில் நிக்கும்போது எந்தக் கட்டை அவிழ்க்கிறதுங்கிறதே ஒரு கதைக்குக் காணும்.

பழைய_பேரேடு

மேல்மலை சொன்னதில் முக்கியமான ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடத்தின் பொருளை எடுத்தால் அதன் இயற்பியலும் சேர்ந்து வரும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. திறந்த பானையில் துவரம்பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும், அத்தனை நேரமும் விறகு எரிய வேண்டும். ஊட்டியில் ஒரு ஏழை வீட்டில் குக்கர் என்பது விறகு, சுமை, நேரம் எல்லாமும்தான். "குக்கரை விற்றாள்" என்று ஒரு கதையில் வந்தால் சமவெளி வாசகன் பாத்திரம் போயிற்று என்று நினைப்பான். இங்குள்ளவனுக்கோ அவள் தினம் இன்னொரு கட்டு விறகு சுமக்கப் போகிறாள் என்று தெரியும். எழுத்தாளர் பருப்பு வேகாத ஒரு மாலையைக் காட்டிவிட்டால் சமவெளி வாசகனுக்கும் தெரிந்துவிடும்.

விறகு எதுவென்றும் எழுதுங்கள். சீகை மரமா, யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமா, தேயிலைக் கவாத்துக் குச்சியா?

கவாத்துக்கத்தி

கவாத்துக் குச்சின்னா கவாத்து அடிச்சிருக்கணும். நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒரு தேயிலைக் காட்டைக் கவாத்து அடிப்பாங்க, அதாவது செடியை வெட்டி விடுவாங்க. அடிச்ச காட்டில் மூணு மாசம்போலக் கொழுந்து கிடையாது. சிறுவிவசாயிக்கு அந்த வருஷம் விறகு நிறைய, வருமானம் குறைவு. கதைக்குள்ள விறகும் கொழுந்தும் ஒரே நாளில் ஒரே காட்டிலிருந்து வந்தா தப்பு.

எடைக் காட்சியிலும் இப்படித்தான். நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள். சாக்குக்கும் ஈரத்துக்கும் எடையில் கழிப்பாங்க. மழைநாளில் கழிவு கூடும். கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணிச்சா சூடேறிச் சிவந்துடும், தரம் போயிடும். "மகளோட ஃபீஸுக்காக ரெண்டு மடங்கு பறித்தாள்"னு எழுதுறவங்க, அந்த ரெண்டாவது சாக்கைத் திணிச்சுத்தான் கொண்டுவந்தாளா, முத்தின இலையையும் சேர்த்துப் பறிச்சாளா, எடை போடுறவர் என்ன கழிச்சார்னு யோசிக்கணும். எவ்வளவு வேகமாப் பறிச்சாலும் ரெட்டிப்பு எடை வராது, வந்தா இலைத் தரம் விழும்.

தலைமன்னார்_கப்பல்

ட்ரங்குப் பெட்டிக் கதையைப் பத்தி யாரும் பேசலையே. இலங்கையிலிருந்து திரும்பின குடும்பம்தானே? என்ன வருஷம்? பெட்டிக்குள்ள என்ன?

குன்னூர்_வாசகன்

1970. கண்டியிலிருந்து தனுஷ்கோடியில் வந்து இறங்குறாங்க. பெட்டிக்குள்ள அம்மாவோட கூறைச்சேலை. மகன் படிப்புக்காக அதை வித்துடுறாங்க.

தலைமன்னார்_கப்பல்

1970-ல் தனுஷ்கோடியில் இறங்க முடியாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30. அதன்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும். இறங்கினவங்களில் நிறையப் பேர் மண்டபம் முகாம் வழியாத்தான் வந்தாங்க. நீலகிரியில் அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாச்சு, 1976-ல் அது தேயிலைத் தோட்டக் கழகம்ங்கிற அரசு நிறுவனமா மாறினது.

தேதியைத் திருத்துறது லேசு. பெட்டியில்தான் பெரிய குறை. ஒரு குடும்பம் நாடு விட்டு நாடு வரும்போது எதை எடுத்துக்கிட்டு எதை விட்டுட்டு வரணும்னு முடிவு பண்ணினாங்களே, அந்தத் தியாகம் பெட்டியோட கொள்ளளவில் இருக்கு. சேலை உள்ளே போனதால் எது வெளியே நின்னுச்சு? மாமியாரோட வெற்றிலைத் தட்டமா, குழந்தையோட கம்பளியா? அதை எழுதாம சேலையை மட்டும் காட்டினதால், பின்னாடி விக்கும்போது வெறும் பட்டு போன மாதிரி இருக்கு. எதை விட்டுட்டு இந்தச் சேலையை எடுத்து வச்சாங்கன்னு முதல் பக்கத்திலேயே தெரிஞ்சிருந்தா, விக்கும்போது ரெண்டு பொருள் போகும்.

அந்தப் பெட்டி பிறகு என்ன ஆச்சுன்னும் எழுதச் சொல்லுங்க. தோட்டத் தொழிலாளர் வரிசையாக் குடியிருக்கிற லைன் வீட்டில் பெட்டி சும்மா இருக்காது. மேலே படுக்கை அடுக்குவாங்க, பிள்ளைங்க அதில் வச்சு எழுதும்.

மஞ்சூர்_பனி

இவ்வளவு நேரம் பொருளைப் பத்தி மட்டும் பேசிட்டோம். அந்த ஏழு கதையில் கொடுக்கிறவங்க யார், வாங்கிக்கிறவங்க யார்னு எண்ணிப் பார்த்தீங்களா தம்பி?

குன்னூர்_வாசகன்

இப்போதான் எண்ணினேன் அக்கா. ஆறில் பெண்கள் கொடுக்கிறாங்க. கம்பளிக் கதையில் மட்டும் அப்பா. வாங்கிக்கிறது மூணு மகன், ஒரு பேரன், ரெண்டு கணவன், ஒரு மகள்.

மஞ்சூர்_பனி

இதுவும் ஒரு கணக்குதான், பழைய பேரேடு ஐயா சொன்ன கணக்கோட இதையும் சேர்த்துக்கணும். ஒருத்தி தன் ஸ்வெட்டரைப் பிரிக்கிறாள்னா அந்த வீட்டில் வேற யார்கிட்ட ஸ்வெட்டர் இருக்கு? புருஷன் கிட்ட ஜெர்கின் இருக்கா? இருந்தும் அவதான் பிரிச்சாள்னா அது வேற கதை. அதை மறைச்சுட்டுத் "தாய்மை"ன்னு எழுதினா, எழுத்தாளரும் அந்த வீட்டு ஆம்பளைகளோட சேர்ந்துட்டார்னு அர்த்தம்.

புதுமைப்பித்தன் 'பொன்னகரம்' கதையில் முக்கால் ரூபாயை வச்சு என்ன பண்ணினார்னு பாருங்க. அடிபட்டுக் கிடக்கிற புருஷனுக்குப் பால் கஞ்சி வேணும், பொண்டாட்டி அம்மாளுகிட்ட காசு இல்லை. முக்கால் ரூபாய் எப்படி வந்ததுன்னு கோடி காட்டிட்டு, கற்பு கற்புன்னு பேசுறவங்க முகத்துக்கு நேரா அந்தக் காசை நீட்டுறார். காசு புதுசா பழசான்னு ஒரு வர்ணனை கிடையாது, தொகை மட்டும்தான். அம்மாளுவைத் தெய்வமாக்காம, அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தின ஊரைக் காட்டுது அந்தத் தொகை. தியாகக் கதை எழுதுறவங்க அதை ஒரு தடவை கையால் எழுதிப் பார்க்கலாம்.

செய்யக்கூடிய வேலை ஒண்ணு சொல்றேன். கதைக்கு வெளியே ஒரு தாளில் அந்த வீட்டுச் சாமானை எல்லாம் எழுதச் சொல்லுங்க. போர்வை எத்தனை, யாருக்கு எது, செருப்பு எத்தனை ஜோடி, சைக்கிள், ரேடியோ, செல்போன். ஒவ்வொண்ணுக்கும் நேரா யார் பேர். தியாகம் பண்றவ பேருக்கு நேரா எத்தனை பொருள் இருக்குன்னு பார்த்தாலே கதை எங்கே திரும்பணும்னு தெரிஞ்சுடும். ஒரே ஒரு பொருள்தான் அவ பேரில் இருந்தது, அதையும் கேட்டாங்கன்னா, கேட்டவங்க யாருங்கிறதும் கதைக்குள்ள வந்தாகணும்.

பழைய_பேரேடு

அம்மா சொல்வது சரி. நான் எண்களை மட்டும் பார்த்தேன், எண்கள் யார் பக்கம் என்று பார்க்கவில்லை.

இத்துடன் பெற்றவரின் முகத்தையும் கவனியுங்கள். பிரேம்சந்தின் ஈத்கா கதையில் சிறுவன் கையில் மூன்று பைசா. மற்ற பிள்ளைகள் பொம்மையும் இனிப்பும் வாங்க, இவன் இடுக்கி வாங்குகிறான். கடைக்காரர் ஆறு பைசா சொல்லி, ஐந்துக்கு இறங்கி, மூன்றுக்குக் கொடுக்கிறார். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடும் என்ற நினைவு அவனுக்குக் கடை வாசலில்தான் வருகிறது. இடுக்கியோடு வீட்டுக்கு வந்தால் பாட்டி முதலில் திட்டுகிறாள், ஒன்றும் தின்னாமல் குடிக்காமல் இரும்பை வாங்கி வந்தாயே என்று. பிறகுதான் அழுகை. அந்தத் திட்டு இல்லையென்றால் கதை சர்க்கரைப் பாகாகியிருக்கும். குன்னூர்க் கதைகளில் யாராவது திட்டுகிறார்களா?

குன்னூர்_வாசகன்

ஒருத்தர்கூட இல்லை ஐயா. எல்லாரும் கண் கலங்குறாங்க.

இன்னொரு சந்தேகம். கம்பளிக் கதை எழுதினவர், கம்பளிக்குப் பதிலா நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களோட பூத்துக்குளிப் போர்வையைப் போட்டா மலை அடையாளம் வருமான்னு கேட்கிறார்.

கூடலூர்_மழை

வேண்டாம்னு சொல்லுங்க. பூத்துக்குளி வெறும் குளிர்ப்போர்வை இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தோடர் பெண்கள் இழை எண்ணிப் போடுற பூவேலை அது. 2013-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. சடங்குக்குப் போர்த்துறது, சாவில் உடலைப் போர்த்துறதும் அதால்தான். அந்த மக்களோட வாழ்வு கதையில் இல்லாம, வேற ஒரு குடும்பத்துப் பாசத்துக்கு அடையாளமா அதை எடுத்துப் போட்டா இரவல் துணியாத்தான் நிக்கும். தோடர் குடும்பத்துக் கதைன்னா, எழுதுறவர் அந்தத் துணி யாருக்கு, எப்போ, யார் கையால் போகுதுன்னு கேட்டு அறிஞ்சு எழுதட்டும்.

ஊசிநூல்

தாமதமா வந்தேன். ஸ்வெட்டர் கதையை முழுசாப் போட முடியுமா? அந்தப் பிரிக்கிற காட்சி எப்படி எழுதியிருக்கு?

குன்னூர்_வாசகன்

சுருக்கம் போடறேன் அக்கா. அம்மா கொழுந்து பறிக்கிறவள். தன்னோட நீல ஸ்வெட்டரைப் பிரிச்சு மார்கழிக்குள்ள ஆறு வயசுப் பையனுக்குப் பின்னுறா. ஒரே ராத்திரியில் "சரசரவென்று" பிரிச்சு, விடியறதுக்குள்ள பின்னி முடிச்சுடறா. கடைசி வரி: "அம்மாவின் சூடு அவனைப் போர்த்தியது."

ஊசிநூல்

கதைக்குப் பொருள் அருமையா அமைஞ்சிருக்கு. கம்பளி வெட்டினா பாழ், தாலி போனா போனதுதான். ஸ்வெட்டர் அவ உடம்பிலிருந்து மறைஞ்சு இன்னொரு உடம்பில் திரும்பக் கண்ணில் படும். உங்க மனசில் நின்னதுக்குக் காரணம் இதுதான். ஆனா ஒரே ராத்திரியில் நடக்காது. நடக்காததுதான் கதைக்கு நல்லது.

முதல்ல அது கையால் பின்னினதா இருக்கணும். கடையில் விக்கிற மிஷின் ஸ்வெட்டர் நிறைய வெட்டித் தைச்சது. உள்பக்கத் தையலில், வெட்டின விளிம்பு பிரியாம மிஷின் போடுற ஓவர்லாக் ஓடியிருந்தா பிரிக்க முடியாது, ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூல் அறுந்து கையளவு துண்டுதான் வரும். அவளே ஒரு காலத்தில் பின்னினது, இல்லைன்னா அவ அம்மா பின்னிக் கொடுத்ததுன்னு வச்சுக்கிட்டா சரியா வரும்.

பிரிக்கிறது இப்படி. முதல்ல கை, தோள், பக்கவாட்டுத் தையலைத் திறக்கணும். தைச்ச நூலும் அதே நீலமா இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தப்பான இழையை வெட்டினா பின்னலில் ஓட்டை விழும், அங்கங்கே நூல் துண்டாகும். பிறகு கழுத்துப் பக்கத்திலிருந்து, பின்னி முடிச்ச முனையிலிருந்து இழுத்தாத்தான் நூல் ஓடி வரும். அடிப்பட்டியிலிருந்து இழுத்தா சிக்கும். அக்குளில் வேர்வையும் உரசலும் பட்டுக் கம்பளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், அந்த இடம் சரசரன்னு வராது, பிய்ச்சு எடுக்கணும்.

வந்த நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டிருக்கும். அப்படியே பின்னினா கண்ணிகள் மேடும் பள்ளமுமா வரும். நாற்காலி முதுகில் சுத்தி, நாலு இடத்தில் தளர்வாக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்சம் சோப்புப் போட்டு ஊறவச்சு, பிழியாம எடுத்து, அடியில் சின்ன பாரம் கட்டித் தொங்கவிடணும். மலை ஈரத்தில் உலர மூணு நாலு நாள். அக்ரிலிக் நூல்னா இந்த அளவுக்கு நிமிராது.

அளவு: பெரிய பெண் ஸ்வெட்டருக்கு 400, 450 கிராம் நூல் போயிருக்கும். ஆறு வயசுப் பையனுக்கு 200, 250 போதும். அப்போ மிச்ச நூல் என்ன ஆச்சு? அதைக் கதை சொல்லியாகணும். மஞ்சூர்_பனி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைக்கலாம். மிச்சத்தில் பொண்ணுக்குத் தொப்பியா, புருஷனுக்கு மஃப்ளரா, இல்லை தனக்குன்னு எதையாவது வச்சுக்கிறாளா?

பின்ன நாற்பது மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க. பகல் முழுக்கக் கொழுந்து பறிச்சு விரல் நுனி வெடிச்சிருக்கிற கைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் ஓடும். கரடான விரலில் கம்பளி இழை மாட்டி மாட்டி இழுக்கும். ஆக மூணு வாரம். அந்த மூணு வாரமும் அவ ஸ்வெட்டர் இல்லாமத்தான் காலையில் காட்டுக்குப் போறா. தலைக்குந்தா, காந்தல் பக்கம்னா மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும். "ஒரே ராத்திரி"ன்னு எழுதினதால் எழுத்தாளர் இந்த மூணு வாரக் குளிரைக் கதையிலிருந்து எடுத்துட்டார். தியாகமே அதுதான்.

குன்னூர்_வாசகன்

ரொம்ப நன்றி அக்கா. அப்போ கடைசி வரியை எடுத்துடச் சொல்லலாம். அது இல்லாம, பையன் போட்டிருக்கிறது அம்மா ஸ்வெட்டர்தான்னு வாசகனுக்கு எதால் தெரியணும்? முழங்கையில் தேஞ்ச நூல் பையன் நெஞ்சில் வரி மாதிரி தெரியுதுன்னு எழுதலாமா?

ஊசிநூல்

முழங்கை நூல் வராது, அது அறுந்தே போயிருக்கும், வெட்டிப் போட்டுடுவா. நிறம் வேணும்னா தோள் நூல். வெயில் பட்டு வெளுத்திருக்கும், தையலுக்குள்ள மடிஞ்சிருந்தது மட்டும் பழைய கருநீலமா இருக்கும். திரும்பப் பின்னும்போது வெளுப்பும் கருப்புமா ஒழுங்கில்லாம பட்டை விழும்.

முதுகு நூலையும் பார்க்கச் சொல்லுங்க. கொழுந்துச் சாக்கு தினமும் உரசின இடம், இழை மெலிஞ்சு அங்கங்கே அறும். அறுந்த இடத்தில் எல்லாம் முடிச்சு போட்டுத்தான் பின்ன முடியும். முடிச்சை உள்பக்கம் தள்ளி, ரெண்டு மூணு இஞ்சு வாலை விட்டுப் பக்கத்துக் கண்ணிகளில் கோத்து விடணும். ஒட்ட வெட்டினா நாலு தடவை துவைக்கிறதுக்குள்ள அவிழ்ந்து, அந்த இடத்திலிருந்து கண்ணி ஓட ஆரம்பிச்சுடும்.

முடிச்சு பையன் உடம்பில் குத்தும். ஆறு வயசுப் பிள்ளை பேசாம இருக்கமாட்டான், "குத்துதும்மா, வெட்டி விடு"ன்னு அடம்பிடிப்பான். அவ வெட்டமாட்டா. பழைய பேரேடு ஐயா கேட்ட திட்டு இந்த இடத்தில் வரட்டும்.